கொக்கு வாத்தியாரின் இங்கிலீஷ் மரம்

இந்த முருங்கைக்கீரையை உருவி முடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள் பிள்ளைகளே. ஒரு காட்டில் ஓர் ஆலமரம். அதன் நிழலில் கொக்கு வாத்தியார் ஒற்றைக் காலில் நின்று இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வந்தார்.

ஒருநாள் அவர், "'எவ்ரிஒன்' என்றால் எல்லாரும். ஆனால் அதை ஒரே ஆளாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 'எவ்ரிஒன் இஸ் ஹியர்.' அங்கே 'ஆர்' போட்டால் தப்பு. எங்கே, சொல்லுங்கள்!" என்றார்.

ஆடு மட்டும் எழுந்து, "எல்லாரும்னா நிறையப் பேராச்சே சார்! அது எப்படி ஒரே ஆளாகும்?" என்று கேட்டது.

"உன்னைக் கேட்டா இங்கிலீஷ் வச்சாங்க? உட்காரு!" என்றார் கொக்கு. அவருக்கும் காரணம் தெரியாது. எனக்கும்தான்.

ஆடு உட்கார்ந்துகொண்டது. "எவ்ரிஒன் இஸ் ஹியர்!" என்று மரமே அதிர்ந்தது. கொக்குக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அடுத்த வாரம் யானை அதிகாரி சோதனைக்கு வந்தார்.

"வாத்தியாரே, படிப்பு நடந்தால் இது பள்ளிக்கூடம். நடக்கவில்லை என்றால் வெறும் தழை. எனக்கு இன்னும் மதியச் சாப்பாடு ஆகவில்லை" என்றார்.

கொக்கு தூக்கியிருந்த காலையும் சட்டென்று தரையில் ஊன்றினார். "கண்ணுங்களா, மரத்தைக் காப்பாத்துங்க! அந்த எவ்ரிஒன் பாடம். எல்லாரும் சேர்ந்து, ஒண்ணு, ரெண்டு, மூணு!"

எல்லா வாயும் திறந்தன. எல்லா வாயும் மூடின. சத்தமே இல்லை.

யானை பதறிப்போனார். "ஐயையோ, என் காது போச்சே!" காதைப் படபடவென்று அடித்துக்கொண்டார். ஒரு குச்சியை ஒடித்துக் குடைந்தும் பார்த்தார். "எங்கே, இன்னொரு தடவை!"

மறுபடியும் வாய்கள் மீன்வாய் மாதிரி திறந்து மூடின. மேல்கிளையில் ஓர் எறும்பு தும்மியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"காது நல்லாத்தான் இருக்கு. ஏய் கரடி, நீ சொன்னியா?"

"வாயை மட்டும் அசைச்சேங்க ஐயா. குரங்கு சொல்லும்னு இருந்தேன்."

"நான் முயலை நம்பியிருந்தேன்" என்றது குரங்கு.

"பக்கத்திலேதான் தவளை இருக்கேன்னு நான்..." என்று முயல் காதை மடக்கிக்கொண்டது.

எல்லாம் தவளையைப் பார்த்தன. அது பாவமாகத் தொண்டையைத் தொட்டுக் காட்டியது. முந்தின நாள் மழையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. இத்தனை நாளும் மரத்தை அதிரவைத்தது அந்த ஒரே தவளைதான்!

யானை துதிக்கையை நீட்டினார். கொக்கு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டார்.

"சரி, தனித்தனியா சொல்லட்டும். தப்பு ஒண்ணுக்குக் கிளை ஒண்ணு. யாராவது சரியாச் சொன்னா மிச்சத்தை விட்டுடறேன்" என்றார் யானை.

கரடி 'ஆர்' என்றது. ஒரு கிளை போயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று குரங்கு 'இஸ் ஆர்' இரண்டையும் போட்டது. யானை இரண்டு கிளையாகத் தின்றார். முயல் அழுதது. அழுகைக்கும் ஒன்று. இப்படியே போய்ப் போய் ஒரே ஒரு கிளைதான் மிச்சம்.

அப்போது ஆடு துள்ளி எழுந்தது. "புரிஞ்சுபோச்சு சார்! எவ்ரிஒன் இஸ் ஹியர்! எல்லாரும்னா ஒரே ஆள்தான். நம்ம வகுப்பிலே இத்தனை நாளா அப்படித்தானே நடந்துச்சு!"

யானை வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசிக் கிளை பிழைத்தது.

இன்றைக்கும் அந்த ஒற்றைக் கிளை நிழலில், ஒன்றின் மடியில் ஒன்றாக உட்கார்ந்துதான் பிள்ளைகள் படிக்கின்றன. கரடி யார் மடியில் என்று கேட்காதீர்கள். கொக்கு வாத்தியார் புதுப் பாடம் எடுத்தால், முதலில் ஆட்டைத்தான் எழுப்பி, "ஏம்ப்பா, கேள்வி ஏதாவது இருக்கா?" என்கிறார்.

நீதி: அடுத்தவர் சொல்வார் என்று ஒவ்வொருவரும் வாயை மட்டும் அசைத்தால், சொல்வதற்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆகையால் நாளைக்கு டீச்சர் கேட்கும்போது நீங்கள்... இதோ வந்துட்டேன் அத்தே! கீரை ஆச்சு, உலைதான் இன்னும்...