கருப்புப் புதினா

"செடி நல்லா வளருதும்மா. ஆனா அவ அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறா," என்றார் அம்பலவாணன்.

ஜுலைகா தலை நிமிரவில்லை. கையில் சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு வளர்ந்திருக்கு சார்?"

"பதினெட்டு சென்டிமீட்டர். இலை மட்டும் நாலரை. நோட்டு கொண்டாந்திருக்கேன், பார்க்கறியா?"

"பார்க்க மாட்டேங்கறது யாரு?"

"என் சம்சாரம். சுவர்ப் பக்கமா திரும்பிப் படுத்துக்கறா."

ஜுலைகா அயர்னை அதன் தாங்கியில் வைத்தாள். ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டாள். அவர் உட்கார்ந்தார்.

மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற சந்து. அதில் ஆறடி அகலக் கடை அவளுடையது. எல்இடி சிப்பிலிருந்து அதை ஓட்டுகிற டிரைவர் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். எதை எதோடு சேர்க்க வேண்டும் என்கிற புத்திமதியும் கிடைக்கும். அதைக் கேட்கிற ஆள்தான் குறைவு.

அம்பலவாணனும் லேசுப்பட்டவர் இல்லை. காலேஜ் பௌதிக லேபில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். வந்து போன புரொபசர்களுக்கெல்லாம் பிரிசம் எங்கே இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தவர். அறுபத்திரண்டு வயதில், தன் மகள் வயசுக்காரி ஒருத்தியிடம் ஸ்டூல் போட்டுப் பாடம் கேட்க வந்தார். பாதியைக் கேட்டார். மீதிக்கு அவரே அவளுக்குப் பாடம் எடுத்தார்.

காரணம் இதுதான்.

அவர் மனைவி மங்கையர்க்கரசிக்குச் சர்க்கரை. அது முதலில் காலைப் பிடித்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இறங்கி வர வழியில்லை. அப்புறம் கண்ணைப் பிடித்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்கு டாக்டர் ஒரு வருஷம் சொன்னார். அதற்கு முன்னாலும் ஆகலாம் என்றார்.

"பார்க்க வேண்டியதை எல்லாம் இப்பவே பார்த்துக்கங்கம்மா," என்றார் டாக்டர்.

திருப்பதி, ராமேஸ்வரம், பேரப்பிள்ளை என்று எதையாவது கேட்பாள், வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டாவது போய்விடலாம் என்று அம்பலவாணன் நினைத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"ஏதாவது பச்சையா ஒண்ணு கண்ணு முன்னால இருந்தா போதுங்க."

ஒரே ஜன்னல் அவர்கள் வீட்டுக்கு. அதை மறித்துப் பக்கத்தில் ஐந்து மாடி எழும்பியிருந்தது. வெயில் என்பது அந்த வீட்டுக்குள் வந்து வருஷம் இரண்டாகியிருந்தது. மார்க்கெட்டில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து நாலு தண்டை எடுத்து அவர் ஊன்றி வைத்தார். பத்தாம் நாள் வெளிறிப்போய்ச் சாய்ந்தது.

சரி, வெயிலை நாமே செய்துவிடுவோம் என்று கிளம்பியவர்தான் ஜுலைகா கடை வாசலில் வந்து நின்றார். அது நாலு மாதத்துக்கு முன்னால்.

அன்றைக்கு அவள் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். சிப் சூடாகும், அலுமினியத் தகடு கனமாக இருக்கட்டும். டிரைவரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். சிவப்பு இவ்வளவு, நீலம் இவ்வளவு. எல்லாம் எழுதினார்.

கடைசியில் அவள் வெள்ளைச் சிப் ஆறு எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதையும் நடுவுல நடுவுல போட்டுக்கங்க சார்."

அவர் சிரித்தார். "எதுக்கும்மா? செடிக்கு வேண்டியது ரெண்டே நிறம். அறுநூத்தி அறுபது நானோமீட்டர்ல சிவப்பு, நானூத்தி ஐம்பதுல நீலம். வெள்ளையில இருக்கற பச்சையில ஒரு பங்கை அது வேண்டாம்னு திருப்பி அனுப்பிடும். கரண்டுக்குப் பிடிச்ச கேடு."

"திருப்பி அனுப்பட்டுமே சார்."

"நீ பிசினஸ் பேசறே."

ஆறு சிப்பையும் எண்ணித் திருப்பி வைத்துவிட்டுப் போனார். ஜுலைகாவும் விட்டுவிட்டாள். படித்த மனுஷனிடம் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது.

இப்போது, சிவப்பும் நீலமும் மட்டும் வைத்து அவர் செய்த அந்த விளக்கே மஞ்சள் பையில் அவர் மடியில் இருந்தது.

"இந்த சிவப்பை மாத்திட்டு இன்னும் பவரா போடலாம்னு பார்க்கறேன். எந்த சிப் நல்லதுன்னு நீ சொல்லு. செடி புதரா மண்டினா அவ பார்ப்பா."

"பார்த்தாங்களா, முதல்ல?"

"முதல் வாரம் பார்த்தா. அப்புறம் இல்லே."

"என்ன சொன்னாங்க?"

"கருப்பா இருக்குன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அம்பலவாணனுக்குக் குரல் வந்துவிட்டது. லேபில் நிற்கிற குரல். "கருப்பு இல்லே, இலை வெளிச்சத்தை மொத்தமா குடிக்குது, மிச்சம் வெச்சாத்தானே கண்ணுக்கு வரும், அதனால கருப்பாத் தெரியுது, அதான் நல்லதுன்னு விளக்கமாச் சொன்னேன். டியூப்லைட் போடுங்கன்னா. ரெண்டு வெளிச்சம் கலந்தா என் அளவு தப்பிடும், போடாதேன்னேன். காலையில அஞ்சு மணியிலேர்ந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் இது மட்டும்தான். டைமர் வெச்சிருக்கேன்."

ஜுலைகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"இல்லே. போய்த்தான்."

"மணி ஒண்ணே முக்கால். என்னோட சாப்பிடுங்க. இன்னிக்கு மீன் இல்லே, பயப்படாதீங்க."

டிபன் காரியரைத் திறந்து தட்டில் சோறு போட்டாள். பருப்பு ஊற்றினாள். முருங்கைக்கீரைப் பொரியலை ஓரமாக வைத்தாள். அப்புறம் எழுந்து போய் ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இழுத்துவிட்டாள். மஞ்சள் பைக்குள்ளிருந்த விளக்கை எடுத்து, தட்டுக்கு மேலே கொக்கியில் மாட்டி, பிளக்கைச் செருகினாள். கடை விளக்கை அணைத்தாள்.

கடை முழுக்க ஊதாவாகிவிட்டது.

"சாப்பிடுங்க சார்."

அம்பலவாணன் தட்டைப் பார்த்தார். சோறு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. பருப்பு செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஓரத்தில் கரித்தூள்.

"என்னம்மா இது?"

"கீரை. காலையில நானே ஆய்ஞ்சேன்."

அவர் கையை வைத்தார். பிசைந்தார். ஒரு உருண்டை பிடித்துத் தூக்கினார். வாய் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"சத்து ஒண்ணும் குறையல சார்," என்றாள் ஜுலைகா. "கண்ணுக்கு ரொம்ப நல்லது."

உருண்டையைத் தட்டில் போட்டார்.

தெருவில் யாரோ பாரவண்டிக்கு வழி கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். ஷட்டருக்குக் கீழே செருப்புக் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

"கருப்பா இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னாம்மா," என்றார் அம்பலவாணன். "முதல் தடவைக்கு விளக்கம் சொன்னேன். ரெண்டாவது தடவை, இதுகூடப் புரியலையான்னு கேட்டேன். அப்புறம் அவ சொல்லலை."

ஜுலைகா பிளக்கைப் பிடுங்கினாள். ஷட்டரைத் தூக்கினாள். வெயில் உள்ளே வந்தது. தட்டில் கீரை பச்சையாக இருந்தது.

அவர் அதைச் சாப்பிடவும் இல்லை, தட்டைத் தள்ளவும் இல்லை.

"தப்பு எம்மேலயும் இருக்கு சார்," என்றாள் அவள். "அன்னிக்கே அந்த வெள்ளைச் சிப்பை உங்க கையைப் புடிச்சுக் குடுத்திருக்கணும். காலேஜ்காரரு, இவருக்கு நம்ம என்னத்தைச் சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டேன். எனக்கு அது இன்னிக்கு வரைக்கும் உறுத்துது."

"இப்ப என்ன சிப் போடட்டும்?"

ஜுலைகா தன் ஸ்டூல் மேல் ஏறினாள். தன் மேஜைக்கு மேலே தொங்கிய பல்பைத் திருகிக் கழற்றினாள். ஒன்பது வாட் வெள்ளைப் பல்பு. எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைப்பது. முந்தானையில் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"இது போதுமா?" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

"யாருக்கு சார்?"

அம்பலவாணன் எழுந்தார். விளக்கையும் மஞ்சள் பையையும் அங்கேயே விட்டார். நோட்டையும் மறந்து வைத்துவிட்டார். ஜுலைகா கூப்பிட்டாள். அவர் அதற்குள் சந்து முனையைத் தாண்டிவிட்டிருந்தார்.

பஸ்ஸில் பல்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இடித்துவிடாதீர்கள் என்று இரண்டு பேரிடம் சொன்னார். மூன்று மாடியும் நிற்காமல் ஏறினார். மூச்சு வாங்கியது.

மங்கையர்க்கரசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. கால் கட்டுத்துணியை அவள் விரல் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது.

"எங்கே போனீங்க, சாப்பிடாம?"

"வந்துட்டேன். இரு."

கட்டிலின் கால்மாட்டில் புதினாத் தொட்டி. அதற்கு மேலே வெறும் கம்பி. எங்கிருந்தோ ஒரு ஹோல்டரைத் தேடி எடுத்து, வயரை முறுக்கி, பல்பை மாட்டினார்.

சுவிட்சைப் போட்டார்.

புதினா பச்சையாக இருந்தது.

நுனிக் கொழுந்து ஒரு பச்சை. அதற்குக் கீழே இன்னொன்று. அடியிலை இருண்டு தடித்து வேறொன்று. நரம்பு ஓடிய இடமெல்லாம் லேசாகப் பளபளத்தது. இலைகளின் நீளம் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். ஆனால் இந்தச் செடியை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"அரசி. இந்தப் பக்கம் திரும்பு."

"எதுக்கு?"

"திரும்பேன். என் மேல கோவம் இருந்தா அப்புறம் வெச்சுக்கோ. இப்பத் திரும்பு."

அவள் கையை ஊன்றித் திரும்பினாள். அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, முதுகுக்குத் தலையணை கொடுத்தார். தொட்டியைத் தூக்கி அவள் மடிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

அவள் முகம் தொட்டிக்கு நேராகவும் இல்லை, பல்புக்கு நேராகவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ பார்த்தது.

"வேற லைட் போட்டீங்களா?"

"ஆமா. வெள்ளை. தெரியுதா?"

"வெள்ளையா ஏதோ பூசின மாதிரி இருக்குங்க."

"செடி? செடி தெரியுதா?"

அவள் கையை நீட்டினாள். கை தொட்டி விளிம்பில் மோதி, மேலேறி, இலையைத் தொட்டது. இரண்டு விரலால் ஒரு இலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க."

அம்பலவாணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பலேர்ந்து?"

"சரியாச் சொல்லத் தெரியலை. பதினஞ்சு இருபது நாள் இருக்கும். அந்த ஊதா வெளிச்சத்துல எனக்கே குழப்பம். போனது கண்ணா, இல்லே லைட்டே அப்படித்தானான்னு. கேட்டா நீங்க வைவீங்கன்னு விட்டுட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். மன்னிச்சுக்கோ என்று சொல்ல நினைத்தார். வந்தது வேறு.

"பதினெட்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கு அரசி."

"நீளம் கிடக்கட்டுங்க. எப்படி இருக்கு, அதைச் சொல்லுங்க."

"பச்சையா இருக்கு."

"அது தெரியும்," என்றாள் மங்கையர்க்கரசி. இலையை விடவில்லை. "என்ன பச்சை?"