கட்டைவிரலின் மனு

தூத்துக்குடியில் தங்கப்பழம் என்றொரு பழைய மில் தொழிலாளி இருந்தார். அவருடைய இடது காலின் கடைக்கோடியில் ஒரு கட்டைவிரல் குடியிருந்தது. நாற்பது வருஷத் தொழிற்சங்க ஊர்வலங்களில் முதலில் தரையைத் தொட்டது அதுதான். மாலை விழுந்ததென்னவோ கழுத்துக்கு.

விரலுக்குச் சோறு ரத்தம். இதயத்தில் புறப்பட்டுத் தொடைக்குழாய் வழியாக வர வேண்டும். கொஞ்ச நாளாக வரத்து குறைந்து, விரல் குளிர்ந்து கிடந்தது.

"அண்ணாச்சி, மேல என்ன சேதி?" என்று கெண்டைக்காலிடம் கேட்டது.

"எனக்கே அரை வயிறுதான். நூறு அடி நடந்தா சுருட்டி இழுக்கு. நான் மக்கர் பண்ணினா, மனுஷன் சுவரொட்டி வாசிக்கிற மாதிரி நின்னுக்கிடுதாரு. வலின்னு சொன்னா கௌரவம் குறைஞ்சிருமாம்."

அப்போது ஒரு ரத்தத்துளி தள்ளாடி வந்து சேர்ந்தது.

"தொடையில கொழுப்பு வந்து படுத்திருக்கு. தள்ளிப் படும்யான்னா, 'நான் விருந்தாளி, நாக்குதான் கூட்டியாந்துச்சு'ங்குது."

"அள்ளிட்டுப் போக ஆள் இல்லையா?" என்றது விரல்.

"நல்ல கொழுப்புன்னு துப்புரவுக்கு நாலு பேர் இருந்தாங்க. பீடிப்புகை வந்த பிறகு அதுலயும் ஆள்குறைப்பு."

விரல் மூளைக்கு மனு அனுப்பியது. முதலில் மரமரப்பு. பிறகு எரிச்சல். பிறகு ஆறாத ஒரு சின்னப் புண்.

புண்ணைப் பார்த்த மனைவி ஜெயக்கனி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். கெட்ட கொழுப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது, நல்லது இறங்கியிருந்தது. மாத்திரை, பீடிக்குத் தடை, தினமும் நடை என்று தாளில் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

விரலுக்கு உயிர் வந்தது. முதல் தடவையாக அதன் மனு எழுத்தில் ஏறியிருக்கிறதே!

தங்கப்பழம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கஞ்சி குடிச்ச உடம்புல கொழுப்பா? அது முதலாளி சீக்குளா. நூறு மேடையில நானே பேசியிருக்கேன்."

"உங்க பேச்சை ரத்தம் கேட்டுச்சாக்கும்!" என்றாள் ஜெயக்கனி. "மாத்திரையப் போடுங்க."

போடவில்லை. போட்டால் நூறு மேடைப் பேச்சும் பொய்யாகிவிடும் என்று மூளை நினைத்தது. மனு கிடப்பில் போடப்பட்டது.

இதயத்தைக் குறை சொல்ல விரலுக்கு மனம் வரவில்லை. பாவம், அது ராப்பகலாகத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. விருந்தாளியோடும் சண்டை போட முடியாது. அது இருந்த இடம் அவ்வளவு உயரம். விரல் காத்திருந்தது. காத்திருந்தே நீலமானது. பிறகு கறுத்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "விரலை எடுக்காட்டா காலே போயிரும்" என்றார்.

தங்கப்பழம் நெடுநேரம் சுவரையே பார்த்தார். அங்கே வாசிக்க ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

விரலுக்கு அழுகை வரவில்லை. அதற்கும் ஈரம் வேண்டுமே. வழியை அடைத்தது உள்ளே இருக்க, வழி கேட்டதை வெளியே அனுப்புகிறார்கள். இது அது பார்க்காத நியாயமா? மில் வாசலில் எத்தனை தடவை பார்த்தது!

வெள்ளைத் தட்டில் வைத்து எடுத்துப் போகும்போது, பின்னால் ஒரு மெலிந்த குரல் கேட்டது. பக்கத்து விரல்.

"அண்ணாச்சி, குளிருதே... மேல என்ன சேதி?"