வலது புருவம்

மாப்பிள்ளையின் இடது புருவத்தை ஜெசிந்தா டீச்சர் போட்டு முடித்திருந்தார். தோலிலிருந்து முளைத்ததுபோலவே நின்றது. பிறகு இழை பாய்ச்சும் கருவியை மாசானத்திடம் நீட்டினார்.

"வலது உங்களுக்கு, அண்ணாச்சி."

மாசானம் கருவியை இரண்டு கையாலும் வாங்கினார். டீச்சரைவிட அவருக்குத்தான் வயது கூடுதல். நாடகக் குழுக்களில் ராஜாக்களுக்கும் அரக்கர்களுக்கும் தாடி மீசை ஒட்டியவர். மின்சாரமே மயிரை நட்டுவைப்பதை டீச்சரிடம் தொழில் கற்கச் சேர்ந்த பிறகுதான் பார்த்தார். இதுவரை பொம்மைத் தலையில்தான் பழகியிருந்தார்.

நாற்காலியில் சாய்ந்திருந்த இளமாறனுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் கல்யாணம். ஏதோ நோயில் அவனுக்குப் புருவமயிர் கொட்டிவிட்டது. பெண்ணுக்குத் தெரியும். வெளியே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அவளைத்தான் குடைந்தெடுப்பார்கள்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. எனக்குத்தான் கல்யாணம், உங்களுக்கு இல்ல," என்றான் இளமாறன்.

மாசானம் சிரிக்க முயன்றார். எர்த் கம்பியை அவன் இடது கையில் கொடுத்தார். புருவம் இருந்த இடத்தில் மெல்லிய தூரிகையால் பசை தடவினார். கருவியின் வாயில் சல்லடை. உள்ளே பொடியாக நறுக்கிய கறுப்பு இழைகள். சுவிட்சை அழுத்தினால் இழைகள் துள்ளிக் கிளம்பும். எர்த் பிடித்தவனின் தோலை நோக்கிப் பாய்ந்து பசையில் குத்திட்டு நிற்கும்.

அழுத்தினார்.

இழைகள் பாய்ந்தன. பசையில் நின்றவை சொற்பம். அவையும் சாய்ந்து கிடந்தன. மற்றதெல்லாம் மாசானத்தின் இடது கையில் அப்பியிருந்தது, கரடிக் கை மாதிரி.

அந்தக் கை இளமாறனின் கண்ணுக்கு மேல் குடையாகக் கவிந்திருந்தது. எப்போது அங்கே போனதென்று அவருக்கே தெரியாது. நடிகனுக்குப் பவுடர் அடிக்கும்போது அவன் கண்ணைத் தன் இடது கையால் மறைப்பது அவருடைய நாடகத்து வழக்கம். பொம்மைத் தலையிடம் அந்தக் கை அப்படிப் போனதில்லை.

டீச்சர் எண்ணெய் தொட்டுப் பசையைத் துடைத்தெடுத்தார். தோல் சிவந்துவிட்டது.

"இன்னும் ஒருதடவைதான் தாங்கும்."

கதவைத் தட்டினார்கள். "மாப்பிள்ளை ரெடியா? ஐயர் கூப்பிடுதாரு."

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றான் இளமாறன். குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"டீச்சர், நீங்களே போட்டுருங்க," என்றார் மாசானம். "ஒத்தைப் புருவத்தோட இந்தப் புள்ள எப்படி மணவறைக்குப் போவும்?"

டீச்சர் கருவியை வாங்கவில்லை.

"கை ஏன் அங்க போச்சு?"

"அதுவாப் போவுது டீச்சர்."

"மறுபடி போவுமா?"

மாசானம் தன் கையைப் பார்த்தார். "போவும்."

டீச்சர் நாற்காலிப் பக்கம் குனிந்தார். "தம்பி, உங்க வலது கை சும்மாத்தானே இருக்கு? அண்ணாச்சியோட இடது கையைப் பிடிச்சுக்கிடுங்க. அவர் இழுத்தாலும் விடாதீங்க."

"அக்கா, இன்னிக்கு நான் பிடிக்க வேண்டியது வேற ஒரு கையாச்சே."

"முதல்ல இதைப் பிடிங்க."

பிடித்தான். அவன் கை காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது. மாசானத்தின் கைதான் வியர்வையில் நனைந்து கிடந்தது.

மறுபடியும் பசை தடவி, சுவிட்சை அழுத்தினார். இடது கை வெடுக்கென்று இழுத்தது. இளமாறன் விடவில்லை. மேலும் இழுத்தது. அவன் பிடி இறுகியது. வேறு போக்கிடமில்லாமல் மாசானம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இழைகள் சல்லடையிலிருந்து புகைபோலக் கிளம்பின. சில கன்னத்தில் விழுந்தன. இரண்டு மூன்று கண்மேலேயே விழுந்தன. மற்றவை பசையில் போய் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றன.

"போதும்," என்றார் டீச்சர். காய்ந்த தூரிகையால் கன்னத்திலும் கண்மேலும் கிடந்தவற்றைத் தட்டிவிட்டார்.

இளமாறன் கண்ணாடியைப் பார்த்தான். இரண்டு புருவத்தையும் உயர்த்தினான்.

"ஏலேய், காயட்டும்!" என்று கத்திவிட்டார் மாசானம்.

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதுவரை பிடித்திருந்த கையை விட்டான். பசை காய்ந்ததும் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போனான். கதவு திறந்த நேரம் நாதஸ்வரம் அறைக்குள் பாய்ந்தது. சாத்தியதும் அடங்கியது.

மாசானம் அவன் எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"டீச்சர், கண்ணு மேலயே விழுந்துச்சு. பார்த்துக்கிட்டே நின்னேன். உசிரே போயிட்டு. உள்ள போயிருந்தா?"

டீச்சர் சல்லடையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூட அவருக்குத் தெரியாதா, அண்ணாச்சி?"