வெள்ளி வியாழனை நெருங்கிய மாலை

ஒரு காட்டில் ஆக்காட்டிப் பறவை கூவக்கூடாத நேரத்தில் கூவிவிட்டது. தப்பு அங்கேதான் நடந்தது. காடே காலியானது. அதன் நான்கு முட்டைகள் மட்டும் தரையில் கிடந்தன.

ஏன் கூவியது என்று சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.

அந்தக் காட்டு விலங்குகள் வீட்டுக்குப் பின்னால் ஆளுக்கொரு தொலைநோக்கி வைத்திருந்தன. கரடி குகைக்குப் பின்னால் ஒன்று. முயல் வளைக்குப் பின்னால் ஒன்று. இப்படிப் பத்துப் பன்னிரண்டு. யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இருந்தன, அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் குழாயில் கண்ணை வைத்து வானத்தைப் பார்க்கும்.

குழாயில் கண் வைக்கிற இடத்தில் ஒரு கண்ணாடி வில்லை இருக்கும். காலையில் அதைக் கழற்றிக் கொண்டுபோய்த் துடைத்து, மாலையில் கொண்டுவந்து மாட்டுவது உடும்பின் வேலை. கரடிக்கு விரல் தடிமன். முயலுக்குக் கை நடுங்கும். ஒரு தடவை முயல் தன் வில்லையைச் சருகுக்குள் போட்டுவிட்டு மூன்று நாள் தேடியது. உடும்புக்குப் பிடித்த பிடி நழுவாது. அதனால் எல்லோரும் அதனிடமே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆபத்து என்றால் ஆக்காட்டி மூன்று தடவை கூவும். கூவினால் யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. போட்டது போட்டபடி ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும். கூவிய ஆக்காட்டி முன்னால் பறந்து வழி காட்ட வேண்டும். கடைசி விலங்கு கரையேறும்வரை திரும்பக்கூடாது. காட்டுத்தீயிலும் வெள்ளத்திலும் எல்லோரையும் பிழைக்க வைத்தது அந்த வழக்கம்தான்.

அந்தச் சமயம் ஆக்காட்டி ஓடைக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. பொரிக்க இன்னும் நான்கு நாள். முட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்க எந்தப் பறவையால் முடியும்?

முதல் நாள் மாலை. சூரியன் இறங்கியதும் மேற்கே இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. ஒன்று வெள்ளி, ஒன்று வியாழன். நடுவே மூன்று விரல் இடைவெளி.

கரடி குழாயில் பார்த்துவிட்டுச் சொன்னது: "இரண்டும் நெருங்கிக்கொண்டே வருகின்றன. நாலாம் நாள் ஒட்டினாற்போல நிற்கும். நல்ல வேடிக்கை."

எல்லோருக்கும் சந்தோஷம். உடும்பு மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. ஓடைக்கரையைப் பார்த்து ஒரு தடவை நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் மாலை. கரடி குழாயில் கண்ணை வைத்தது. உடனே எடுத்தது. மறுபடி வைத்தது.

"வியாழன் நேற்று மிளகளவு இருந்தது. இன்றைக்குப் பட்டாணியளவு இருக்கிறதே."

"என் குழாயிலும் அப்படித்தான் அண்ணே," என்றது முயல். அதன் காதுகள் விறைத்துவிட்டன. "ஏன் பெரிதாகிறது?"

உடும்பு பக்கத்தில் நின்றது. "நான் என்ன கண்டேன். வில்லை துடைக்கிறவன். ஆனால் ஒன்று. தூரத்தில் வருகிற யானை ஈயளவு தெரியும். கிட்ட வந்தால்தான் யானையளவு தெரியும்."

அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைக்கு முயல் வீட்டில் யாரும் கிழங்கைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் மாலை. பட்டாணி நெல்லிக்காயாகிவிட்டது.

"வியாழனுக்குப் பக்கத்தில் நாலு பொறி பறக்கிறது," என்றது கரடி. குரல் கம்மியிருந்தது. "முந்தாநாள் இல்லை."

"வெள்ளியில் பாதியைக் காணோம் அண்ணே. உடைந்துவிட்டதா?"

"இரண்டும் ஓட ஆரம்பித்துவிட்டன. குழாயில் பிடித்தால் நிற்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் ஓரத்துக்குப் போய்விடுகின்றன."

குகைக்கு மேலே மரக்கிளையில் ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது. அதற்குக் குழாய் கிடையாது. "எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே," என்றது மெதுவாக. அது எதையும் மெதுவாகத்தான் செய்யும், சொல்லும்.

"உனக்கு முகமே கண். உனக்கு எல்லாம் ஒரே அளவுதான்," என்றது முயல். "பேசாமல் உட்கார். இங்கே உயிர் போகிறது."

தேவாங்கு பேசாமல் உட்கார்ந்தது.

உடும்பு நேரே ஓடைக்கரைக்குப் போனது. ஆக்காட்டி முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சி, நாளைக்கு முட்டிவிடும்."

"யார் சொன்னது?"

"நான் சொல்லவில்லை. குழாய் சொல்கிறது. போய்ப் பார். நான் இங்கே நிற்கிறேன்."

ஆக்காட்டி முட்டைகளை விட்டு எழவில்லை. "முட்டினால் என்ன ஆகும்?"

"வானத்திலிருந்து கொள்ளிக்கட்டை கொட்டும். ஒரு புல் மிஞ்சாது. நீ கூவினால் காடு பிழைக்கும். கூவாமல் விட்டால் அத்தனை பேர் பாவமும் உன் தலையில்."

"கூவினால் நான் முன்னால் போக வேண்டுமே அண்ணே. நாளை மறுநாள் காலை பொரித்துவிடும். ஒரே ஒரு நாள்."

"வானம் நாள் பார்த்தா விழும்?" உடும்பு குரலைத் தாழ்த்தியது. "எனக்கு வயதாகிவிட்டது. ஓடித் தப்பி என்ன செய்யப் போகிறேன். நான் இருந்துகொள்கிறேன். உன் முட்டைகளை வயிற்றோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்."

ஆக்காட்டி அதை நம்பியது. இப்படி ஒரு நல்ல உள்ளமா என்று நினைத்தது.

அன்றைக்கு அது தூங்கவில்லை. கூவினால் முட்டைகள் போகலாம். கூவாவிட்டால் எல்லோரும் போகலாம். விடிகிற நேரத்தில் வயிற்றுக்கடியில் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. முட்டைக்குள்ளிருந்துதான். அது இன்னும் இறுக்கி உட்கார்ந்துகொண்டது.

நாலாம் நாள் மாலை. உடும்பு வில்லைகளை மாட்டிவிட்டு விலகி நின்றது. கரடி குழாயில் குனிந்தது. எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, என்ன தெரிகிறது?" என்றது முயல்.

"விளாம்பழம்," என்றது கரடி. "இரண்டு விளாம்பழம். இடிக்கப் போகிறது."

முயல் ஓடைக்கரைக்கு ஓடியது. பின்னால் அதன் குட்டிகள் ஆறு. அவற்றுக்குப் பின்னால் மற்ற விலங்குகள். எல்லோரும் ஆக்காட்டியைச் சுற்றி நின்றார்கள். எல்லோரும் அதன் அலகையே பார்த்தார்கள்.

"அக்கா, என் குட்டிகளைப் பாருங்கள்," என்றது முயல். அவ்வளவுதான் சொன்னது.

ஆக்காட்டி மேற்கே பார்த்தது. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு மயிர் நுழையும் இடம்தான் இருந்தது.

அது எழுந்தது. கூவியது. இரண்டாம் தடவை கூவியது. மூன்றாம் தடவை குரல் உடைந்து பாதியில் நின்றது. பாதியானாலும் மூன்று மூன்றுதான்.

காடு கிளம்பியது. ஆக்காட்டி முன்னால் பறந்தது. அழவும் முடியாமல், திரும்பவும் முடியாமல் பறந்தது. கீழே மிதிபடாமல் இருக்கக் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு தாய்கள் ஓடின. கரடி தன் தொலைநோக்கியை விட மனமில்லாமல் தோளில் போட்டுக்கொண்டது. முதுகில் தேவாங்கு தொற்றிக்கொண்டது. நடந்து வந்தால் அது அடுத்த மாதம்தான் ஆற்றுக்கு வந்து சேரும்.

ஆற்றங்கரை வந்தது. முன்னால் போனவை தண்ணீரில் இறங்கிவிட்டன.

"கரடியண்ணே, கொஞ்சம் நில்லுங்கள்," என்றது தேவாங்கு.

"நிற்கிற நேரமா இது?"

"முதல் நாள் என்ன அளவு இருந்தனவோ அதே அளவுதான் இருக்கின்றன."

"உனக்குக் கண் கெட்டுவிட்டது. குழாயில் பார்."

"குழாய் வேண்டாம். சும்மா தலையைத் தூக்கிப் பாருங்கள்."

கரடி பார்த்தது. நான்கு நாளில் அது குழாய் இல்லாமல் வானத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேற்கே இரண்டு சின்னப் புள்ளிகள். சேர்ந்து நின்றன. அசையவில்லை. பொறியும் இல்லை.

"சின்னதாகத்தான் இருக்கிறது," என்று ஒத்துக்கொண்டது. "ஆனால் குழாய் பொய் சொல்லாதே."

"அக்கரையில் அந்த ஒற்றைப் பனையைக் குழாயில் பாருங்கள் அண்ணே. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது."

"பனையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் ஓடி வந்தேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கரடி குழாயை ஊன்றிக் கண்ணை வைத்தது. வைத்த வேகத்தில் பின்னால் சாய்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டது. முதுகிலிருந்த தேவாங்கு நசுங்கப் பார்த்தது.

"பனங்காய் என் மூக்கில் இடிக்கிறது," என்றது கரடி.

"பனை நம்மை நோக்கி வருகிறதா?"

"பனை எப்படி வரும். வேர் விட்டு நிற்கிறது."

சொல்லிவிட்டுக் கரடி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதற்கு விளங்க நேரம் பிடித்தது. உங்களுக்கு விளங்கியிருக்கும்.

முயல் திரும்பி ஓடி வந்தது. "ஏன் உட்கார்ந்துவிட்டீர்கள்? குட்டிகளெல்லாம் தண்ணீரில் நடுங்குகின்றன."

கரடி குழாயைத் தன் பக்கம் திருப்பியது. தடித்த விரலை விட்டு நோண்டி நோண்டி வில்லையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தது. ஒரு கொள்ளு விதை அளவுதான் இருந்தது.

"முயலே, நம் வில்லை என்ன அளவு?"

"புளியங்கொட்டை அளவு. மூன்று நாள் தேடியவள் நான். எனக்குத் தெரியாதா?" முயல் குனிந்து பார்த்தது. "இது நம்முடையது இல்லையே."

"நாள்தோறும் முந்தையதைவிடப் பெரிதாகக் காட்டும் வில்லையாக மாற்றியிருக்கிறான்," என்றது கரடி. "பெரிதாகக் காட்டினால் ஓடுகிறதும் வேகமாகத்தான் தெரியும். எப்போதும் அங்கே இருக்கிற பொறியும், வெள்ளியின் பாதிப் பிறையும் தெரியும். வானத்தில் ஒன்றும் ஆகவில்லை."

யார் மாற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாத் தலைகளும் கூட்டத்தில் ஒருவரைத் தேடின. உடும்பு அங்கே இல்லை.

ஆக்காட்டி அப்போது நடு ஆற்றுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

"அக்கா, முட்டை," என்று கரடி குரல் கொடுத்தது.

அவ்வளவு போதும். பின்னால் இன்னும் பாதிக் காடு கரையேறவில்லை. திரும்பக்கூடாது என்பது வழக்கம். ஆக்காட்டி திரும்பியது. அம்பு மாதிரி திரும்பியது.

வழியெல்லாம் அது எண்ணிக்கொண்டே பறந்தது. நாலு, நாலு, நாலு. வேறொன்றும் நினைக்கவில்லை.

ஓடைக்கரையில் ஓர் ஓடு உடைந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டாவது முட்டை உடும்பின் வாயில் இருந்தது.

ஆக்காட்டி அதன் கண்ணைப் பார்த்துப் பாய்ந்தது. உடும்பு தலையைத் திருப்பியது. மறுபடி பாய்ந்தது. உடும்பு ஓடவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. பிடித்தால் விடாத சாதி. வாயில் முட்டை இருந்ததால் ஒரு பொய்கூடச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் அதன் வால்மேல் ஒரு கனமான கால் வந்து விழுந்தது. கரடிதான். மூச்சு வாங்கியது.

"மெல்ல வை," என்றது கரடி. "கீறல் விழுந்தால் உன் முதுகெலும்பும் கீறும்."

உடும்பு முட்டையைக் கல்லுக்கு நடுவே மெல்ல வைத்தது. ஆக்காட்டி அதை அலகால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. காதை வைத்துக் கேட்டது. 

உள்ளே தட்டியது.

"துடைத்து வைக்கலாம் என்றுதான் எடுத்தேன்," என்றது உடும்பு.

"முட்டையையுமா?" என்றது முயல்.

உடும்பை அன்றைக்கே ஆற்றுக்கு அக்கரையில் விட்டார்கள். "வானம் விழுந்தாலும் அங்கே ஒன்றும் ஆகாதாம், போ," என்று கரடி சொல்லி அனுப்பியது. அதன் பொந்தில் பத்துப் பன்னிரண்டு பழைய வில்லைகளும் இருந்தன. அவரவர் தமதை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. கூழாங்கல்லுக்குக் கால் முளைத்த மாதிரி ஓடின. ஆக்காட்டி வெகுநேரம் உடைந்த ஓட்டின் பக்கத்திலேயே நின்றது. யாரும் அதைக் கூப்பிடவில்லை.

மாலையில் வெள்ளியும் வியாழனும் ஒன்றையொன்று கடந்து விலகி நின்றன. விலங்குகள் முதலில் வெறுங்கண்ணால் பார்த்தன. பிறகுதான் குழாய்க்குப் போயின.

ஆக்காட்டி குஞ்சுகளோடு கரடி குகைக்கு வந்தது. "நேற்று ஆற்றங்கரையில் முதலில் நில் என்று சொன்னது யார்?"

"கரடிதான் நின்றது. நான் பார்த்தேன்," என்றது முயல்.

"நின்றது நான்," என்றது கரடி. "சொன்னது நானில்லை. நான் இன்னும் ஓடிக்கொண்டிருப்பேன். என் முதுகில் இருந்ததே, குழாய் இல்லாத ஒன்று, நாம் பேச விடாமல் உட்கார வைத்தோமே. அதுதான் சொன்னது. தேவாங்கு."

நீதி: ஆபத்து நாளுக்கு நாள் பெரிதாகத் தெரிந்தால், அதைக் காட்டும் கண்ணாடி யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்.