லிங்கம்மாள் சொல்லாத வாக்கியம்

ஒரே ஒரு வாக்கியத்தால் மூன்று பேர் முகம் கொடுத்துப் பேசாமல் போன கதை இது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், எனக்கு அலுத்துவிட்டது.

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் உடல்நலம் பற்றி அமலியும் முகுந்தனும் ஆய்வு செய்தார்கள். வழிகாட்டி, பேராசிரியர் சங்கரவடிவு. உப்பளங்களில் கழிப்பறை கட்டுவது பற்றிய அதிகாரிகள் கூட்டத்தில் அந்தக் கட்டுரையை வைப்பதாக ஏற்பாடு.

பெண்களின் பேச்சை அமலி ஒலிப்பதிவு செய்து வந்தாள். அதை எழுத்தாக்கிச் சுருக்கித் தரும்படி ஏஐ செயலியிடம் கொடுத்தான் முகுந்தன். வந்ததை அப்படியே கட்டுரையில் சேர்த்தான். மூவரும் வாசித்தார்கள், மூவருக்கும் பிடித்திருந்தது. பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லையாம்.

கூட்டம் நெருங்கும்போதுதான் அமலி பதிவைக் கேட்டாள். "ஒதுங்க இடமில்லாததால் பகல் முழுதும் நான் தண்ணீர் குடிப்பதில்லை" என்று, அமலி பதிவு செய்த பெண்களில் ஒருவரான லிங்கம்மாள் சொன்னதாகக் கட்டுரையில் இருந்தது. படித்தவர்களையெல்லாம் உலுக்கிய வாக்கியம். பதிவில் அது இல்லவே இல்லை. செயலி தானாக இட்டுக்கட்டியிருந்தது.

முகுந்தன் அசரவில்லை. "ஏஐ உதவியோட சுருக்கினதுன்னு அடிக்குறிப்பு போட்டுட்டா முடிஞ்சுது. மத்தவங்களும் கிட்டத்தட்ட அதைத்தானே சொன்னாங்க?" என்றான். குறிப்பைச் சேர்த்து அனுப்பவும் தயாராகிவிட்டான்.

அமலி உப்பளத்துக்கு ஓடினாள். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த லிங்கம்மாளிடம் வாக்கியத்தை வாசித்துக் காட்டி, "இது சரிதானே அக்கா?" என்று கேட்டாள்.

"நான் இப்படிச் சொல்லலியே தாயி. ஆனா பொய்யில்ல. வாயை நனைச்சுத் துப்பிட்டு வேலையப் பாப்போம். உனக்கு ஆகும்னா போட்டுக்கோ."

அமலி நிம்மதியாகத் திரும்பி, சம்மதம் கிடைத்துவிட்டதென்று பேராசிரியரிடம் சொன்னாள்.

"அவங்க வாயால சொன்னதைப் பதிவு பண்ணினியா?"

"இல்ல மேடம். அவங்கதான் சரின்னுட்டாங்களே."

பேராசிரியர் கட்டுரையை நிறுத்திவைத்தார். எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து கேட்கவைத்தார். யாருமே சொல்லாத வாக்கியங்கள் இன்னும் சில அகப்பட்டன. அதற்குள் கூட்டம் முடிந்துபோனது. கழிப்பறைப் பேச்சே அங்கே எழவில்லை. ஒருவரையொருவர் குறைசொல்லி மூவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அடிக்குறிப்பு போதும் என்றான் முகுந்தன். நேரில் போய்ச் சம்மதம் வாங்கி வந்தாள் அமலி. கூட்டம் தவறினாலும் சரியென்று நிறுத்திவைத்தார் பேராசிரியர். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பேராசிரியர் செய்ததுதான் சரி. அடிக்குறிப்பு போடுவதால், சொல்லாத பேச்சு சொன்னதாகிவிடாது. அமலி அவ்வளவு தூரம் போயும், எழுதிவைத்ததற்குத் தலையாட்ட வைத்தாளே தவிர, லிங்கம்மாள் எதிரே நின்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. செய்தது சரி என்பதற்காகப் பேராசிரியரை நான் பாராட்டப் போவதில்லை. கட்டுரையில் தன் பெயரைப் போடும் முன்பே இதைச் செய்திருந்தால் கூட்டம் தவறியிருக்காது. இப்போது மூவரும் தனித்தனியே நிதானமாகத் திருத்துகிறார்கள், அவர்களுக்கென்ன அவசரம்? உப்பளத்துப் பெண்களுக்குத்தான் இன்னொரு கோடை இப்படியே போகிறது.