பாறைக்கு இறங்கி வந்த பச்சோந்தி

வெயிலுக்குப் பேர்போன ஒரு காட்டில், குளத்துக்குப் போகும் வழியில் பெரிய மொட்டைப் பாறை ஒன்று கிடந்தது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும்.

பாறை சுடுகிறதா என்று காட்டும் வேலை பச்சோந்திக்கு. பாறையோரத்துப் பட்டமரத்தில் அது உட்கார்ந்திருக்கும். உடம்பு பச்சையாக இருந்தால் போகலாம். சூட்டில் சிவந்தால் நிற்க வேண்டும். நாளாக நாளாக யாரும் பாறையைத் தொட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள், நடப்பார்கள்.

கோடை முற்றியது.

"ஊருக்காக நான் எதுக்கு வேகணும்?" என்று பச்சோந்தி பக்கத்து அத்திமரத்தின் அடர்ந்த கிளைக்குக் குடிமாறியது. அங்கே சிலுசிலுவென்று காற்று. நாள் முழுக்க அதன் உடம்பு பச்சைப்பசேல்!

ஓர் உச்சிவேளையில் பயந்த சுபாவமுள்ள கவுதாரி தன் குஞ்சுகளோடு வந்தது. பாறையில் ஒரு கால் வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அதற்குள் குஞ்சுகள், தண்ணீருக்குப் போன விலங்குகளின் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவிட்டன.

"பிள்ளைங்களா, திரும்புங்க! சுடுது!"

"பச்சைதானேம்மா!"

கவுதாரி கூட்டத்தில் போன காட்டெருமையிடம் திரும்பியது. "காட்டெருமை மாமா, நீங்களாவது சொல்லுங்களேன்!"

"பச்சை காட்டுதே, கண்ணு தெரியலையா?" என்றது காட்டெருமை. அதன் குளம்பு தடிமன்.

குரங்கு கவுதாரியின் குரலிலேயே கீச்சிட்டது. "'ஐயோ சுடுதே, ஐயையோ சுடுதே!' எனக்கும்தான் சுடுது. அதுக்காகப் பச்சை பொய் சொல்லுமா?" இதைச் சொல்வதற்குள் அது பத்துத் தடவை கால் மாற்றிக் குதித்தது.

நடுப்பாறையில் கடைக்குட்டிக் குஞ்சு தள்ளாடி உட்கார்ந்துவிட்டது.

இனிக் கத்திப் பயனில்லை. கவுதாரி அத்திமரத்தடிக்குப் பறந்தது.

"அண்ணே, உங்க பச்சையைவிடக் குளத்துத் தவளையோட பச்சைதான் பளபளப்பாம். அங்கே பேசிக்கறாங்க."

"எவன் சொன்னான்?"

"பாறை நடுவுல வந்து நின்னு காட்டுங்களேன். எல்லார் வாயும் அடைச்சுப்போகும்."

பச்சோந்தி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பாறையில் இறங்கியது. முதல் அடியில் பச்சை. அடுத்த அடியில் மஞ்சள். அதற்கடுத்து வால் முதல் தலை வரை செக்கச்செவேல்!

"ஐயோ, அம்மா!"

"சிவப்பு! சிவப்பு!" என்று எல்லோரும் நிழலுக்கு ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது காட்டெருமை.

கடைக்குட்டி மட்டும் எழவில்லை. கவுதாரி பாய்ந்து போய், சிறகை விரித்து அதற்கு நிழல் பிடித்தது. தன் கால் வெந்தாலும் அலகால் தள்ளித் தள்ளி அதைக் கரைசேர்த்தது. வெகுநேரம் கழித்தே குஞ்சு கண் திறந்தது.

மறுநாள் பச்சோந்தி பழையபடி பட்டமரத்தில் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, பச்சை!" என்றது கடைக்குட்டி.

சொல்லிவிட்டு, ஒற்றை விரலை நீட்டிப் பாறையை மெல்லத் தொட்டுப் பார்த்தது.

நீதி: நிழலில் இருப்பவன் வெயிலைப் பற்றிச் சொல்லும் சேதியை, உன் காலையும் கேட்டுவிட்டு நம்பு.