தாடி ஓணானும் எறும்புக்காலும்

பாறையும் முள்செடியுமாய்க் கிடந்த ஒரு காட்டில், வடிவு என்று ஒரு தாடி ஓணான் இருந்தாள். அவளுக்கு ஒரே மகன். முட்டையை விட்டு வெளியே வந்த அன்றே அவனுக்குத் துரை என்று பெயர் வைத்துவிட்டாள்.

தினமும் வெயில் ஏறியதும் துரையைப் பாறை உச்சியில் உட்கார வைப்பாள். போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்துவாள்.

"என் பிள்ளை வயிற்றைப் பார்த்தீர்களா? பானை மாதிரி எப்படி இருக்கிறது? எல்லாம் நான் ஊட்டுகிற ஊட்டு."

ஒருநாள் அந்த வழியாகப் போன அணில் நின்று பார்த்தாள். "வயிறு இருக்கிறது வடிவக்கா. வால்தான் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது," என்றாள்.

கோபம் வந்தால் வடிவுக்குத் தாடி கறுத்துவிடும். அன்றும் கறுத்தது. "உன் வாலில் இருப்பது வெறும் மயிர். நீ என் பிள்ளை வாலைப் பேச வந்துவிட்டாயா?" என்றாள். அணில் சிரித்துக்கொண்டே மரம் ஏறிவிட்டாள்.

ஆனால் அன்று சாயங்காலம் வடிவு அந்த வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்துதான் போயிருந்தது. அடுத்த நாள் துரை பாறை ஏறவில்லை. அதற்கடுத்த நாள் வெட்டுக்கிளி மூக்குமேல் வந்து உட்கார்ந்தது, அவன் வாய் திறக்கவில்லை. அம்மாவைக் கண்டால் டக்கு டக்கென்று தலையாட்டுகிற பிள்ளை, மூன்று நாளாகத் தலையாட்டவே இல்லை.

பக்கத்து வளை அரணை வந்து பார்த்தாள். "வடிவு, பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி."

"பூச்சி தின்கிற பிள்ளை வயிற்றில் பூச்சி இல்லாமல் மாங்காயா இருக்கும்?"

"இவன் தின்கிற பூச்சி இல்லை, இவனைத் தின்கிற பூச்சி. புழுவைச் சொல்கிறேன். போன மழைக்கு என் மகளுக்கும் இருந்தது. சாணி வண்டு வைத்தியரிடம் போ. பிள்ளையின் எச்சத்தை இலையில் எடுத்துப் போனால் பார்த்துச் சொல்வார். நீ வரும்வரை நான் துரை பக்கத்தில் இருக்கிறேன்."

வடிவு அணில் இருக்கிற மரத்தை எட்டிப் பார்த்தாள். துரை வயிற்றில் புழுவா? அணிலுக்குத் தெரிந்தால் மரத்துக்கு மரம் தாவிச் சொல்வாளே. "வடிவு வீட்டில் சுத்தம் பத்தாது" என்று காடே பேசுமே.

அரணையின் வளை வாசலில் அவள் மகளின் எச்சம் கிடந்தது. வடிவு இப்படியும் அப்படியும் பார்த்தாள். அதை இலையில் சுருட்டிக்கொண்டு ஓடினாள். துரையுடைய புழுவை வைத்தியர்கூடப் பார்க்க வேண்டாம். எதைக் காட்டினால் என்ன, வைத்தியர் மருந்து தராமலா போவார்? அதை வாங்கித் துரைக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

வண்டு வைத்தியர் இலையைப் பிரித்தார். குச்சியால் கிளறினார். அவருக்கு அருவருப்பு ஏது? அவர் சாப்பாடே அதுதானே.

"ஒரு புழுகூட இல்லை. நல்ல வயிறு. போய் வா, அம்மா."

"அப்படியானால் மருந்து?"

"நோய் இல்லாத வயிற்றுக்கு எதற்கு மருந்து? எறும்பை மட்டும் கொஞ்சம் குறைத்துக் கொடு. இதில் முழுக்க எறும்புக்கால்தான்."

வடிவு பேசாமல் வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. தாடி கறுத்துவிட்டது.

"எறும்பா? எங்கள் வீட்டிலா? என் மகன் வெட்டுக்கிளி தின்பான், பூசணிப்பூ தின்பான். எறும்பை அவன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை."

வைத்தியர் குச்சியைக் கீழே வைத்தார்.

"அப்படியானால் இது யார் வீட்டுப் பிள்ளையுடையது?"

வடிவின் தாடி வெளுத்துப் போனது. "அரணை மகளுடையது," என்றாள் மெல்ல.

"அரணை மகள் நன்றாக இருக்கிறாள். அதைத்தான் சொன்னேன். உன் மகனைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அம்மா. அவன் தலையாட்டுகிறானா?"

"மூன்று நாளாக இல்லை."

"அப்படியானால் இங்கே ஏன் நிற்கிறாய்?"

வடிவு ஓடினாள். துரையை முதுகில் ஏற்றிக்கொண்டாள். அவனுடைய எச்சத்தையே இலையில் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டாள். புதர் வழியாக ஒளிந்து போனால் சுற்று. நேர்வழி அணில் மரத்தடியில் போகிறது. அவள் நேர்வழியிலேயே போனாள்.

"என்ன வடிவக்கா, இலையில் பலகாரமா?" என்றாள் அணில்.

வடிவு இலையைக் கீழே வைத்தாள். "துரையுடைய எச்சம். வயிற்றில் புழு. வைத்தியரிடம் போகிறேன்," என்றாள். மறுபடி கவ்விக்கொண்டு நடந்தாள். அணிலுக்குச் சிரிப்பு வரவில்லை.

வைத்தியர் பார்த்தார். புழுமுட்டை நிறைய இருந்தது. துரையை ஒரு புல்மேல் ஏற்றி, அது எவ்வளவு வளைகிறது என்று எடை பார்த்தார். அந்த எடைக்குத் தக்கபடி வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தார்.

"இன்றைக்குப் புழு சாகும். முட்டை சாகாது. பத்து நாளில் அது பொரிந்துவிடும். அன்றைக்கு இன்னொரு வேளை கொடுக்க வேண்டும். படுக்கிற மணலை மாற்று. எச்சம் கிடக்கிற இடத்தில் தீனி வைக்காதே."

துரை கசப்பைத் துப்பப் பார்த்தான். வடிவு ஒரு கொழுந்தைத் தன் வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் மென்றாள். "நம் வீட்டில் யாரும் கசப்பைத் துப்பியதில்லை, துரை," என்றாள். அவனும் விழுங்கினான்.

பத்தாம் நாள் இரண்டாம் வேளையும் முடிந்தது. மறுவாரம் துரை தானாகவே பாறை ஏறினான். அம்மாவைப் பார்த்து டக்கு டக்கென்று தலையாட்டினான்.

வடிவு மறுபடியும் வழியில் போகிறவரை எல்லாம் நிறுத்தத் தொடங்கினாள்.

"வாலைப் பார்த்தீர்களா? சதை வைத்துவிட்டது. இவன் வயிற்றில் இருந்தது லேசுப்பட்ட புழுவா? இவன் இருக்கிற நீளத்துக்கு ஒவ்வொன்றும். அத்தனையையும் ஜெயித்த பிள்ளை."

கூட்டம் கலைந்த பிறகும் அணில் மட்டும் போகவில்லை. வாலுக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்தாள். ஒரு சின்ன இலைப் பொட்டலம்.

"வடிவக்கா, என் சின்னவனுக்கும் வயிறு ஒரு மாதிரி இருக்கிறது. வைத்தியர் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும்?"

வடிவு அணிலைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள்.

"வழி சொல்கிறேன். அது உன் பிள்ளையுடையதுதானே?"

நீதி: நோயை ஒளித்து வைத்தால், அதற்கான மருந்து நம் வீட்டுக்கு வராது.